அம்மாவின் அலமாரியில் மிஞ்சியவை: ஆசிட், ஹேர் டை, குருணை மருந்து எல்லாம் எங்கே கொடுப்பது?

கேள்வி: கால்வாய்க்கரை வீடு

வணக்கம். நான் இப்போது இருப்பது மதுரையில். பிறந்த வீடு திருநெல்வேலியில், மேலப்பாளையம் தாண்டி, பாளையங்கால்வாய் ஓரத்தில். அம்மா புரட்டாசியில் தவறிவிட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்து வீட்டை வாடகைக்கு விடலாம் என்று தம்பியும் நானும் ஒரு வாரமாகச் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருக்கிறோம். சேலையும் பாத்திரமும் பிரிக்கும்போது அழுகை வந்தது, ஆனாலும் யாருக்கு எது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. குளியலறை அலமாரிக்கும் மச்சுக்கும் வந்தபோதுதான் கை நின்றுவிட்டது.

குளியலறையில், பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஒன்றரை பாட்டில். ஒன்றின் மூடி அரித்துப்போயிருக்கிறது. அதே தட்டில், ஈரம் குடித்துக் கட்டியாகிப்போன ப்ளீச்சிங் பவுடர் பொட்டலம். ஃபினாயில் மூன்று, மூன்றும் பாதி. வெயிலில் அலைந்து வீட்டுவாசலில் விற்க வருகிற பெண்பிள்ளைகளை அம்மா வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து ஏதாவது ஒன்று வாங்கிவிடுவார்கள். ஃபினாயிலும் சோப்புத்தூளும் அப்படிச் சேர்ந்தவைதான்.

என் அறையில் நான் கல்லூரிக்குப் போன காலத்து நெயில் பாலிஷ் பதினொன்று, ரிமூவர் ஒரு பாட்டில், முடி நீக்குகிற க்ரீம். தம்பியின் டியோடரண்ட் ஸ்ப்ரே நான்கு, எதுவும் முழுசாகத் தீரவில்லை. அம்மாவின் ஹேர் டை பொட்டலங்கள் ஒரு கட்டு. கொசு லிக்விட் பாட்டில்கள். பாச்சா உருண்டை ஒரு டப்பா. பாதரசத் தெர்மாமீட்டர் இரண்டு, அதில் ஒன்று உடைந்து உறைக்குள்ளேயே கிடக்கிறது. மச்சில் ஃப்யூஸ் போன டியூப்லைட் ஆறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, மச்சின் மூலையில் சாக்குக்கு அடியில் அப்பா சேரன்மகாதேவியில் வாழை போட்ட காலத்துக் குருணை மருந்து, அதாவது குருணையாக மண்ணில் தூவுகிற பூச்சிமருந்து. ஃபோரேட் என்று எழுதி, சிவப்பு முக்கோணம் போட்ட டப்பா. முக்கால்வாசி இருக்கிறது. திறக்கவே இல்லை, அதற்கே வாடை குடலைப் பிடுங்குகிறது.

வெள்ளையடிக்க வந்தவர், "கால்வாயில் தண்ணி போகுதுல்லா, எல்லாத்தையும் ஊத்தி விடுங்கம்மா, ஒரு நொடியில போயிரும்" என்றார். தம்பி புறவாசலில் குழி தோண்டி எரித்துவிடலாம் என்கிறான். அவன் காட்டுகிற இடத்துக்கும் கிணற்றுக்கும் இருபது அடி கூட இல்லை.

அந்தக் கால்வாயில்தான் நான் நீந்தப் பழகினேன். பழவூர் அணையில் ஆற்றிலிருந்து பிரிந்து வருகிற தாமிரபரணித் தண்ணீர் அது. "இப்போ அது சாக்கடைதானக்கா, இதையும் ஊற்றினால் என்ன" என்கிறான் தம்பி. கெட்டுப்போனதை இன்னும் கெடுக்கலாம் என்பது எனக்கு ஒப்பவில்லை. கீழே அது போய்ச் சேர்வது குளத்துக்கும் வயலுக்கும்தானே. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டியபோது நாம் எல்லோரும் கொதித்தோம். பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, அங்கிருந்து லாரிகள் வந்து திருப்பி அள்ளிக்கொண்டு போயின. என் வீட்டு ஆசிட்டையும் குருணையையும் நானே கால்வாயில் ஊற்றினால் யார் லாரி கொண்டுவந்து அள்ளுவார்கள்?

இவற்றை எங்கே, யாரிடம் கொடுப்பது? காலையில் வருகிற குப்பை வண்டியில் கொடுக்கலாமா? இன்னும் ஒன்பது நாள்தான் லீவு இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பேட்டைவாசி

அக்கா, ரொம்ப யோசிக்காதீர்கள். டாய்லெட்டில் ஒவ்வொன்றாக ஊற்றி நாலு வாளி தண்ணீர் விட்டால் போதும். எங்கள் வீட்டில் பழைய கொசு மருந்து, டை எல்லாம் அப்படித்தான் காலி செய்தோம். ஸ்ப்ரே டப்பாவை ஆணியால் குத்தி இரும்புக் கடையில் போடுங்கள், அலுமினியத்துக்கு நல்ல விலை.

பதில்: பழைய மேஸ்திரி

பேட்டைத் தம்பி நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த ஆணியை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். டியோடரண்ட் டப்பாவில் அழுத்தம் கொடுத்து அடைத்திருப்பது ப்யூட்டேன், ப்ரொப்பேன். நம் அடுப்பு சிலிண்டரில் இருக்கிற அதே வாயுதான். குத்துகிற இடத்தில் ஒரு பொறி பட்டால் முகம் போய்விடும்.

தங்கச்சி, நான் துப்புரவுப் பிரிவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். 31 வருஷம். ஊர் பெயர் வேண்டாம். ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். ஒரு வீட்டில் இருந்து இறுக்கிக் கட்டிய கறுப்புப் பை வந்தது. வீடு மாற்றிக்கொண்டு போகிறவர்கள், குளியலறைச் சாமான் முழுவதையும் ஒரே பையில் போட்டுவிட்டார்கள். என் கீழே வேலை பார்த்த ஒரு அம்மா அதை வண்டியில் போட்டு, இடம் போதவில்லை என்று மேலே கையால் அழுத்தினார். உள்ளே ஆசிட் பாட்டில் உடைந்து ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ந்துவிட்டது. மஞ்சள் பச்சையாக ஒரு புகை. அவர் அப்படியே குனிந்து உட்கார்ந்தவர்தான். நாங்கள் மூன்று பேர் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறினால் இரைப்பு. பையைக் கட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதைப் பிரிக்கப் போவது ஒரு ஆளின் கை என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். குளோரின் வாயு அது. உங்கள் அலமாரியில் அந்த இரண்டும் ஒரே தட்டில் இருக்கிறது என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, ப்ளீச்சிங் பவுடரை வேறு அறைக்கு, ஈரம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். அதை இறுக்கி மூட வேண்டாம். ஆசிட் பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நிமிர்த்தி வைத்துச் சுற்றிலும் மணல் போடுங்கள், ஒழுகினாலும் மணல் பிடித்துக்கொள்ளும். கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் நிதானமாகப் பிரிக்கலாம். எது எதற்காகச் செய்யப்பட்டதோ, அதற்கே பயன்படுத்தித் தீர்க்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வெள்ளையடித்த வீட்டில் தரையைக் கழுவத்தானே போகிறீர்கள், மூன்று ஃபினாயிலும் அதிலேயே தீரும், மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். டைல்ஸில் சுண்ணாம்பு தெறித்திருந்தால் அதைக் கரைக்கிறது ஆசிட்தான். வாளியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சமாக ஆசிட், ஒருபோதும் ஆசிட்டின் மேல் தண்ணீர் வேண்டாம். மொசைக்கில் ஊற்றாதீர்கள், பொரிந்துவிடும். ப்ளீச்சிங் பவுடர் கட்டியாகியிருந்தால் வீரியம் பாதி போயிருக்கும். தெருவில் வருகிற பணியாளர்களிடம் தனியாகக் கொடுங்கள், சாக்கடை ஓரம் தூவ அவர்களுக்கு உதவும். ஆசிட் தொட்ட இடத்தில் மட்டும் அன்றைக்கு அது வேண்டாம்.

டாய்லெட்டில் மொத்தமாக ஊற்றுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். செப்டிக் டேங்க் வேலை செய்வதே அதற்குள் இருக்கிற பாக்டீரியாக்களால்தான். ஒரே நாளில் பாட்டில் பாட்டிலாக ஆசிட்டும் ஃபினாயிலும் போனால் அவை செத்துப்போகும், கழிவு மட்காமல் அப்படியே வெளியே வரும். கொசு லிக்விட்டில் இருக்கிற டிரான்ஸ்ஃப்ளூத்ரின் வகை மருந்துகள் மனிதர்களுக்குச் செய்வதைவிட மீனுக்குப் பல மடங்கு கெடுதல் செய்யும். பாட்டிலில் மிச்சம் இருந்தால் மாட்டி எரியவிட்டுத் தீர்த்துவிடுங்கள், காலி பாட்டிலை மட்காத குப்பையில் போடலாம். ஸ்ப்ரேயும் அப்படித்தான். தம்பியை அடித்துத் தீர்க்கச் சொல்லுங்கள், சுத்தமாகக் காலியான டப்பாவைக் குத்தாமல், நசுக்காமல் கொடுங்கள்.

தீர்க்க முடியாதவைதான் மீதி. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே மட்கும் குப்பை, மட்காத குப்பை தவிர மூன்றாவதாக வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பழைய பேட்டரி, காலாவதியான மருந்து, ஊசி எல்லாம் அதில் வரும். இவற்றை வாங்கி வைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளரைப் பார்த்து, "வீட்டு அபாயக் கழிவை எங்கே வாங்குகிறீர்கள்" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். பொதுவாகக் குப்பை என்று கேட்டால் வண்டியில் போடுங்கள் என்றுதான் பதில் வரும்.

கொடுக்கும்போது அந்தந்தப் பாட்டிலிலேயே, லேபிளோடு. ஒன்றில் இன்னொன்றை ஊற்றிச் சேர்க்காதீர்கள். அட்டைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, இடையில் பழைய பேப்பர் திணித்து, மேலே என்ன இருக்கிறது என்று எழுதி, ஆள் கையில் கொடுங்கள். தெருமுனையில் வைத்துவிட்டு வராதீர்கள். உடைந்த தெர்மாமீட்டரை உறையோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூழ்குமளவு தண்ணீர் ஊற்றி மூடுங்கள், பாதரசம் ஆவியாகிப் பரவாது. தரையில் உருண்டிருந்தால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், துளித்துளியாகச் சிதறிவிடும். கெட்டியான அட்டை இரண்டை வைத்து உருட்டி எடுங்கள். டியூப்லைட்டை உடைக்காதீர்கள், அதற்குள்ளும் பாதரசம் இருக்கிறது. சேலைத் துணி சுற்றி ஆறையும் ஒரு கட்டாகக் கட்டலாம்.

எரிக்கிற யோசனையைத் தம்பி விட்டுவிடட்டும். நெயில் பாலிஷும் ஸ்ப்ரேயும் தீயில் வெடிக்கும். குருணை மருந்தை எரித்தால் அந்தப் புகை தெருவையே படுக்க வைத்துவிடும்.

பதில்: வண்ணார்பேட்டை பார்லர் அக்கா

மேஸ்திரி அண்ணாச்சி சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. அழகுசாதனம் மட்டும் சொல்கிறேன், பதினாறு வருஷமாக என் கை அதில்தான் கிடக்கிறது.

ஹேர் டையில் பொட்டலம் பிரிக்காதவை இருந்தால் அப்படியே பெட்டியில் வையுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள். சிலருக்குத் தெரியாமலே அதில் அலர்ஜி இருக்கும். கறுப்பு டையில் பெரும்பாலும் பாராஃபினிலீன் டையமின் என்று ஒன்று சேர்ப்பார்கள். அலர்ஜி உள்ளவர்கள் தோலில் பட்டால் கொப்புளம் வரலாம், குழந்தை தெரியாமல் வாயில் வைத்துவிட்டால் தொண்டை வீங்கி மூச்சடைத்துவிடும். கலக்கி மிஞ்சிய டை எங்காவது டப்பாவில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். நான் தொழில் ஆரம்பித்த புதிதில் காசு வீணாகிறதே என்று கலந்த க்ரீம் டையை மூடி ஷெல்ஃபில் வைத்தேன். டையோடு கலக்கிற டெவலப்பரில் இருக்கிற பெராக்சைடு வாயு விட்டுக்கொண்டே இருக்கும் என்று அப்போது தெரியாது. ராத்திரி டப்பா வெடித்து, காலையில் கடை திறந்தால் சுவர், கண்ணாடி, சாமி படம் எல்லாம் கறுப்பு. ஆள் இல்லாத நேரம் என்பதால் தப்பித்தோம்.

நெயில் பாலிஷை டாய்லெட்டில் ஊற்றினால் குழாயில் பிடித்துக்கொள்ளும், வாடை மேலே வரும். மூடியை இறுக்கி, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் நிமிர்த்தி அடுக்குங்கள். ரிமூவர் அசிட்டோன், அதை வீணாக்க வேண்டாம். ஜன்னல் கம்பியில் தெறித்த பெயின்ட், டப்பாவில் ஒட்டின ஸ்டிக்கர் பசை எல்லாம் துணியில் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். ஆனால் விளக்கு ஏற்றியிருக்கிற இடத்தில், அடுப்புப் பக்கத்தில் வேண்டாம்.

பழைய ஷாம்பு இருந்தால் சீப்பு, மிதியடி கழுவித் தீர்க்கலாம். ஆற்றுக்கு எடுத்துப் போகாதீர்கள். குற்றாலத்தில் சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடையே இருக்கிறது, அருவிக்குப் பொருந்துவது ஆற்றுக்கும் பொருந்தும். இனி வாங்கும்போது டப்பாவின் பின்னால் திறந்த மூடி போல ஒரு சின்னப் படமும் 12எம், 6எம் என்று எண்ணும் இருக்கும், பாருங்கள். திறந்தபின் அத்தனை மாதம்தான். நான் என் கடையில் திறந்த தேதியை மார்க்கரில் எழுதிவிடுவேன். வாங்குவதே பாதியாகக் குறைந்துவிட்டது.

பாச்சா உருண்டையைக் கற்கண்டு என்று நினைத்துப் பிள்ளைகள் எடுத்துவிடும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவு இருக்கும், அவர்களுக்கு நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். அதையும் அபாயப் பெட்டியிலேயே சேருங்கள்.

பதில்: களக்காடு வாழைத்தோட்டம்

குருணை பற்றி நான் சொல்கிறேன். அம்மா தவறியதற்கு என் வருத்தங்கள்.

ஃபோரேட்டை நம் பக்கம் வாழைக்கு அள்ளி அள்ளிப் போட்டார்கள், என் தகப்பனாரும்தான். 2020 டிசம்பர் 31-லிருந்து நாடு முழுக்கத் தடை. ஆகவே "பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்தால் அவர் போட்டுக்கொள்வார்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிவப்பு முக்கோணம் என்றால் விஷத்தில் முதல் வரிசை. மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் அதற்குப் பிறகுதான். தோல் வழியாகவே உள்ளே போகும். எங்கள் வரப்பில் ஒரு முறை ஒரு கைப்பிடி சிந்திவிட்டது. மறுநாள் மூன்று மைனா செத்துக் கிடந்தன. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, இன்னும் அந்த இடத்தைத் தாண்டும்போது கண் அங்கே போகும்.

டப்பாவைத் திறக்காமல், கையுறையோடு, தடித்த பாலிதீன் பை இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டி, மூடி உள்ள வாளியில் வையுங்கள். ஆள் குடியிருக்கிற வீட்டில் வேண்டாம். மண்ணில் புதைக்கவும் வேண்டாம், உங்களுக்குக் கிணறு இருக்கிறது. டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, தோட்டம் இருக்கிற ஊரின் வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துபோகும். காலியாகும் டப்பாவை யாரும் உப்பு போடவோ தண்ணீர் மொள்ளவோ எடுத்துவிடக் கூடாது. எங்கள் வீட்டிலேயே அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இருந்தது.

சேரன்மகாதேவிக்கு எப்போது வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

பதில்: கால்வாய்க்கரை வீடு (ஏழு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. படித்த அன்றே ராத்திரி பத்து மணிக்கு ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் பிரித்தோம். தம்பிதான் மணல் கொண்டுவந்தான். மேஸ்திரி அண்ணாச்சி எழுதியதை அவன் இரண்டு தடவை படித்தான், அதற்குப் பிறகு குழி தோண்டுகிற பேச்சு இல்லை.

ஃபினாயில் தீர்ந்துவிட்டது. சுண்ணாம்புக் கறைக்கு முக்கால் பாட்டில் ஆசிட் போனது. மூடி அரித்த பாட்டிலைத் தொடவில்லை. ரிமூவரால் பூஜை அறைக் கதவில் அம்மா ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கர்களைத் துடைக்கப் போனேன், மனசு வரவில்லை, ஜன்னல் கம்பியோடு நிறுத்திக்கொண்டேன்.

சுகாதார ஆய்வாளரிடம் அதே வார்த்தையில் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். டியூப்லைட் கட்டையும் பெட்டியையும் தனியாக எடுத்து வைக்க ஒரு ஆளை அனுப்புவதாகச் சொன்னார், மூன்றாம் நாள் வந்தார்கள். தெர்மாமீட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்து, தண்ணீர் எதற்கு என்றும் சொல்லிக் கொடுத்தேன்.

குருணை இன்னும் தீரவில்லை. களக்காட்டு அண்ணாச்சி சொன்னபடியே வந்தார், அவருடைய வண்டியிலேயே வாளியை நிறுத்திக் கொண்டுபோனோம். வேளாண்மை அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை தோட்டத்துப் பம்ப்செட் அறையில் பூட்டி வைத்திருக்கிறோம், சாவி என்னிடம். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

இன்னொன்று. பெட்டியில் நான் பெரிய எழுத்தில் "ஆசிட், தனி" என்று எழுதி ஒட்டியிருந்தேன். வாங்க வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எழுதுறது நல்லதுதாம்மா, ஆனா நாங்க தெருவுக்கு வர்றப்ப பாதி நாள் இருட்டு. எனக்கு வாசிக்கவும் வராது. ஒரு சிவப்புத் துணி கட்டிட்டா போதும், கை வைக்க மாட்டோம்" என்றார். வீட்டுக்குள் போய் அம்மாவின் பழைய சிவப்பு ரவிக்கை ஒன்றைக் கிழித்து ஆசிட் பாட்டில் கழுத்தில் கட்டினேன். மீதித் துணியை எதிர்வீட்டு மைனியும் பக்கத்து வீட்டு ஆச்சியும் ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டார்கள்.